சீரோடு வந்தவள்

அமிர்தத்தைக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் கட்டிக்கொடுத்தபோது அவள் அப்பா, பண்ணையார் தில்லைநாதன், சீரில் ஒரு குறையும் வைக்கவில்லை. கட்டில், பித்தளைப் பாத்திரங்கள், கன்றோடு ஒரு கறவை மாடு. வண்டியில் கடைசியாக ஏறியவள் விருத்தாம்பாள். பண்ணையில் மாடு மேய்த்தவனின் மகள், இன்னும் தாவணி போடாத வயசு. சிதம்பரத்துக்குக் கிழக்கே பண்ணையாரின் மனையில்தான் அவர்கள் குடிசை. "பாப்பாகூடப் போய் இரு" என்றார் பண்ணையார். அவள் அப்பன் தலையாட்டினான்.

அமிர்தம் கெட்டவள் இல்லை. தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுப்பாள். ஜுரம் கண்டால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவாள். வருகிறவர்களிடம் "எங்க விருத்தா" என்று காட்டுவாள். சம்பளம் என்ற பேச்சு மட்டும் அந்த வீட்டில் எழுந்ததேயில்லை.

கடலூர் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் சின்னையன் ஒரு நாள் வாசலில் வந்து நின்று, விருத்தாம்பாளைக் கட்டிக்கொள்கிறேன் என்று கேட்டான். அமிர்தம் அப்பாவுக்குச் சொல்லியனுப்பினாள். "பொண்ணுக்குக் குடுத்ததை எவனோ வந்து கேட்டா தூக்கிக் குடுத்துடறதா?" என்று பதில் வந்தது. சின்னையன் சில காலம் காத்திருந்தான். பிறகு வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். அதை மீன்காரி சொல்லித்தான் விருத்தாம்பாளுக்குத் தெரியும். அன்றைக்கும் பாத்திரம் துலக்கினாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலில் அமிர்தத்தின் மகள் மங்கையர்க்கரசிக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளைக்கு அண்ணாமலை நகரில் உத்தியோகம். புது வீட்டில் ஒத்தாசைக்கு யார் என்று சம்பந்தியம்மாள் கேட்டாள்.

"விருத்தாவ அனுப்பிடறேன். எங்கப்பா எனக்குக் குடுத்தாரு, நான் எம்பொண்ணுக்குக் குடுக்கறேன்" என்றாள் அமிர்தம்.

மோர் கொண்டுவந்த விருத்தாம்பாள் காதில் அது விழுந்தது. அவர்கள் போனதும் கேட்டாள். "என்ன ஒரு வார்த்த கேக்கலியேம்மா?"

அமிர்தத்துக்கு நிஜமாகவே புரியவில்லை. "உன்ன என்னடி கேக்கறது? என்னிக்காவது உன்ன அடிச்சிருக்கனா?"

"இல்லம்மா."

"பட்டினி போட்டனா?"

"இல்லம்மா."

"அப்புறம் என்ன கொற?"

விருத்தாம்பாள் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கல்யாணம் சிதம்பரத்தில் நடந்தது. தாலி கட்டி முடிந்து, சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "விருத்தா, நீ பின்னால ஏறிக்க" என்று யாரோ சொன்னார்கள். அவள் லாரியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கமாக நடந்தாள். பஸ் ஸ்டாண்டில் பரங்கிப்பேட்டை பஸ் கிளம்ப நின்றது. கல்யாண வீட்டில் யாரோ கையில் வைத்த சில்லறை முந்தானை முடிச்சில் இருந்தது. ஏறிவிட்டாள்.

பரங்கிப்பேட்டையில் ஆசியா உம்மாள் கருவாட்டுக் களம் வைத்திருந்தாள். வேலை கேட்டு வந்து நின்றவளிடம், "யாரு வூட்டுப் பொம்பள நீ?" என்று கேட்டாள். விருத்தாம்பாள் வாயைத் திறந்து மூடினாள். "சரி வுடு. என்ன கூலி எதிர்பாக்கற?" ஆசியா உம்மாளே ஒரு கூலி சொல்லி, மீனைப் பிளந்து உப்பு வைக்கச் சொன்னாள்.

அண்ணன் தங்கராசு எப்படியோ விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். அப்பன் செத்த பிறகு அந்தக் குடிசை அவன் பொறுப்பு.

"நீ திரும்பிப் போவலன்னா மனைய காலி பண்ணணும்னு பண்ணையாரு சொல்லிட்டாரு. வா."

"நான் வரல, அண்ணே."

"உன் ஒருத்திக்காவ எம்புள்ளைங்க ரோட்டுல நிக்கணுமா?"

அவள் போய்விடலாமா என்று எழுந்தாள். காலில் செருப்பைக்கூட மாட்டிக்கொண்டாள். மறுபடி உட்கார்ந்து மீனை எடுத்துக்கொண்டாள். அவன் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனான்.

குடிசையைப் பிரித்துப் போட்டார்கள். மழை பிடித்துக்கொண்ட நேரம். தங்கராசு பெண்டாட்டி பிள்ளைகளோடு, சட்டிபானையைத் தலையில் சுமந்துகொண்டு களத்துக்கே வந்து நின்றான். வேறு போக்கிடம் இல்லை. ஆசியா உம்மாள் கொட்டகையில் ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தாள்.

அண்ணன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணிதான் பேசினாள். "எங்க தலமேல கால வச்சு நீ தப்பிச்சிட்ட."

"ஆமா அண்ணி" என்றாள் விருத்தாம்பாள்.

அவள் எல்லாருக்குமாக அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். தங்கராசு சாப்பிட்டான், சுவரைப் பார்த்து உட்கார்ந்தபடி. பின்னால் படகு வேலைக்குப் போய்த் தனியாகக் குடிசை போட்ட பிறகும் அவன் அவளோடு பேசவில்லை.