மா கின் சொல்லாத பெயர்

திண்டிவனத்தில் எந்தப் பெண்ணும் கட்டியவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வந்த புதிதில் எனக்கு இது பெரிய வேடிக்கையாக இருந்தது. சந்தைக் கூட்டத்தில் புருஷனைத் தவறவிட்டவள் "ஏங்க, இந்தாங்க" என்று கூவுவாள். இருபது ஆண்பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். அதில் தன்னுடையவனைப் பொறுக்கிக்கொண்டு போவாள். உன் வீட்டுக்காரர் பெயர் என்ன என்று யாராவது கேட்டுவிட்டால் தலையைக் குனிந்து சிரித்து, பக்கத்தில் நிற்பவளைச் சொல்லச் சொல்லுவாள். ஆள் அருகில் இருந்தால் கையைக் காட்டுவாள். அதுவே இங்கே பதில். கேட்டவரும் புரிந்துகொண்டு போய்விடுவார்.

அக்கரையிலேயே நின்றுவிட்டவர்களுக்கும், என்னைப் போல நடந்து வந்து இந்தப் பக்கம் ஒண்டிக்கொண்டிருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் பர்மாவில், பெகுவில் பிறந்தவன். என் அப்பாதான் இந்தச் சீமையிலிருந்து கப்பலேறிப் போனவர். இது உன் தாய்நாடு என்று எல்லோரும் சொல்லுகிறார்கள். நான் முப்பது வயதில்தான் அதைப் பார்த்தேன், அதுவும் அகதி என்ற பெயரோடு.

பெகுவில் அரிசி ஆலையில் வேலை செய்தபோது மா கின் என்ற பர்மாப் பெண்ணைக் கட்டினேன். தாலி கிடையாது, மேளம் கிடையாது. அவள் ஊர்ப் பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, இரண்டு பேரும் ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிட்டோம். அவர்கள் வழக்கத்தில் அதுதான் கல்யாணம். அன்று முதல் அவள் என்னைக் "கோ ஏழுமலை" என்று கூப்பிட்டாள். கோ என்றால் அண்ணன் என்பது போல ஒரு மரியாதை. அங்கே எல்லாப் பெண்களும் புருஷனை இப்படித்தான் அழைப்பார்கள். ழகரம் அவளுக்குக் கடைசி வரை வரவில்லை. ஆனாலும் ஆலைச் சங்குச் சத்தத்தையும் மீறி அவள் குரல் எனக்குக் கேட்கும்.

ஜப்பான்காரன் குண்டு விழுந்து ஊர் காலியானபோது, "இது உன் மண், நீ இரு" என்று அவளிடம் சொன்னேன். கேட்கவில்லை. இடுப்பில் சுற்றிய தமீன் துணியை முழங்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு என்னோடு நடந்தாள். காட்டுக்குள் வெள்ளைக்காரருக்கு ஒரு வழி, நமக்கு ஒரு வழி. நம் வழியில் தண்ணீர் கிடையாது, பிணங்கள் கிடந்தன. மலைச்சரிவில் எனக்குக் காய்ச்சல் கண்டது. ஒரு மரத்தடியில் படுத்தவன் எழுந்திருக்க மனமில்லாமல் கிடந்தேன். அப்படிப் படுத்தவர்கள் எழுந்ததில்லை என்று இருவருக்குமே தெரியும். அவள் என் கன்னத்தில் அறைந்தாள். "கோ ஏழுமலை, கோ ஏழுமலை" என்று காட்டில் நடந்த ஜனமெல்லாம் திரும்பிப் பார்க்கக் கத்தினாள். நான் கண் மூடும்போதெல்லாம் கத்தினாள். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் நான் எழுந்து நடந்தேன். இதில் மிகை ஒன்றும் இல்லை.

திண்டிவனத்தில் பெரியப்பா மகன் வீட்டில் அடைக்கலம் புகுந்தோம். அண்ணி அஞ்சலை எங்கள் இருவரையும் மல்லாட்டை மண்டியில் வேலைக்குச் சேர்த்துவிட்டாள். நான் மூட்டை தூக்கினேன். மா கின் பெண்களோடு உட்கார்ந்து கடலைத் தோல் உரித்தாள்; மல்லாட்டை என்றால் இங்கே நிலக்கடலை. ஒருநாள் மத்தியானம் சோற்றுக்கு என்னைக் கூப்பிட, மண்டி வாசலில் நின்று தன் வழக்கப்படி குரல் கொடுத்தாள். மண்டியே சிரித்தது. "பர்மாக்காரரே, பொண்டாட்டி ஆஜர் கூப்புடுறா பாரு" என்றான் ஒருவன். எனக்கு வெட்கமாகிவிட்டது. எத்தனையோ பிணங்களைத் தாண்டி வந்தவனுக்கு ஒரு சிரிப்பைத் தாண்ட முடியவில்லை. இப்போது நினைத்தாலும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

வீட்டில் அண்ணி அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். "ஏம்மா, தெருவுல நின்னுக்கினு புருசன் பேர இப்பிடியா ஏலம் போடுவ? பேர சொன்னா அவனுக்கு ஆயுசு கொறையும்மா. யார்னா கேட்டா சிரிச்சிக்கினு கைய காட்டு, போதும்."

இதைப் பர்மிய மொழியில் அவளுக்கு எடுத்துச் சொன்னவன் நான்தான். அது வெறும் நம்பிக்கை என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. மா கின் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு அவள் வாயில் என் பெயர் வரவில்லை.

கொஞ்ச நாளில் ஓர் உத்தரவு வந்தது. மரக்காணம் கடற்கரை பக்கத்தில் இருப்பதாலும், ஜப்பான்காரன் கடல் வழியாக ஆள் அனுப்புவான் என்ற பயத்தாலும், இங்கே தங்கியிருக்கும் பர்மாக்காரர்கள் எல்லோரும் விழுப்புரத்தில் விசாரணைக்கு வரவேண்டும். இந்தியனுடைய மனைவி என்று உறுதியானால் இருக்கலாம். இல்லையென்றால் வடக்கே முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள். நான் கவலைப்படவில்லை. என் மனைவி என்பதில் என்ன சந்தேகம்? அண்ணியும் நானும் அவளைக் கூட்டிக்கொண்டு ரயிலேறினோம். அவள் சேலை கட்டி, கன்னத்தில் பூசும் தனாக்காச் சந்தனத்தைக் கழுவிவிட்டு, நெற்றியில் குங்குமம் வைத்திருந்தாள்.

விசாரணை ஒரு பங்களாவில். உள்ளே ஒரு வெள்ளைக்கார துரை. அவருக்கு மொழிபெயர்க்க ரங்கூனில் வளர்ந்த ஒரு சட்டைக்காரர், ஆங்கிலோ இந்தியர். தனித்தனியாகத்தான் கேட்பார்களாம். முதலில் என்னைக் கேட்டார்கள், சொன்னேன். பிறகு மற்ற ஆண்களோடு ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார வைத்துவிட்டு அவளை அழைத்தார்கள். உள்ளிருந்து துரை சிரிக்கும் சத்தம் கேட்டது. நல்ல சகுனம் என்று நினைத்தேன்.

சட்டைக்காரர் வெளியே வந்தார். "புருஷன் பேரு கேட்டா தெரியலே. நாலு தடவை கேட்டாச்சு. பொம்பளை சிரிக்குது. ஜன்னல் பக்கம் கை காட்டுது. அங்கே பத்து ஆளு இருக்கான். வேற யாரையாவது கேளுங்கன்னு சொல்லுது. இதா ஒய்ஃப்? ரங்கூன்லே எத்தனை பர்மாப் பொம்பளையைப் பார்த்திருக்கேன், புருஷன் பேரைச் சொல்லாத ஒருத்தியைப் பார்க்கலே."

அவர் சொன்னது உண்மைதான். அதுதான் வினையாகிவிட்டது. வாசலில் நின்ற டவாலிச் சேவகன் நம் பக்கத்து ஆள். விஷயம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டான். "என்ன ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே! எங்க வீட்லகூட சொல்ல மாட்டாங்களே!" அவனை யார் கேட்கப்போகிறார்கள்? அண்ணி துரையின் மேஜைக்கு முன்னால் விழுந்து அழுதாள். உறவுக்காரி சாட்சி செல்லாது என்று விட்டார்கள். ஒரே தட்டில் சாப்பிட்டோம் என்றேன். அதற்குக் காகிதம் கேட்டார்கள்.

அன்று சாயங்காலமே விழுப்புரம் ஜங்ஷனில் அவளை வண்டியேற்றினார்கள். சட்டைக்காரருக்கும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. "இப்போ அவளே சொன்னா, நான் துரைகிட்டே ஓடிப் போய்ச் சொல்லிப் பார்க்கிறேன்" என்றார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "மா கின், என் பேரைச் சொல்லு. ஒரு தரம் சொல்லு, இறங்கிடலாம்."

அவள் மாட்டேன் என்று தலையசைத்தாள்.

"அதெல்லாம் பொய். ஆயுசு ஒண்ணும் குறையாது."

"அஞ்சலை அக்கா பொய் சொல்ல மாட்டாங்க" என்றாள் அவள் மொழியில். "அன்னைக்குக் காட்டுல உன்னை எழுப்பறதுக்கு எத்தனை தரம் சொன்னேன்! தெரியாம எவ்வளவு ஆயுசைக் குறைச்சிட்டேனோ. இனிமே சொல்ல மாட்டேன்."

"சொல்லிடும்மா! நாந்தான் தெரியாம சொல்லிட்டேன், சொல்லிடும்மா!" என்று அண்ணி பின்னாலிருந்து கத்தினாள். வண்டி நகர்ந்தது. மா கின் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு போனாள்.

அதன் பிறகு எத்தனை மனு எழுதினேன், எத்தனை தடவை விழுப்புரத்துக்கு நடையாய் நடந்தேன் என்பதைச் சொல்லிப் பயனில்லை. உன் மனைவி என்று அவளே சொல்லவில்லை, அவளுக்காகக் கேட்க நீ யார் என்கிறார்கள். நான் யார் என்று எனக்கும் தெரியவில்லை. அங்கே என்னைக் கலா என்றார்கள், அயலான் என்று அர்த்தம். இங்கே பர்மாக்காரன். ஏழுமலை என்று வாய் நிறையக் கூப்பிட்டவள் ஒருத்திதான்.

இரண்டு வருஷம் கழித்து, போன வாரம் ஒரு கடிதம் வந்தது. உறையின் மேல், முகாமில் இருக்கும் யாரோ தமிழில் விலாசம் எழுதியிருந்தார்கள்: அஞ்சலை, மல்லாட்டை மண்டி, திண்டிவனம். உள்ளே மா கின்னின் பர்மியக் கையெழுத்து. தான் சுகம் என்கிறாள். காய்ச்சல் திரும்ப வந்ததா என்று கேட்கிறாள். வேளைக்குச் சாப்பிடச் சொல்லுகிறாள். "இன்னா எழுதிக்கிறா?" என்று அண்ணி கேட்டாள். படித்துச் சொன்னேன். கடிதத்தின் தலைப்பில் இருந்ததை மட்டும் சொல்லவில்லை. அங்கே கோ என்று எழுதி, பக்கத்தில் ஒரு பெயர் அளவுக்கு இடம் விட்டிருக்கிறாள்.

பென்சிலை எடுத்து அந்த இடத்தில் நானே எழுதப் பார்த்தேன். பர்மிய எழுத்தில் எழுதுவதா, தமிழில் எழுதுவதா என்று தெரியவில்லை. அப்படியே மடித்து வைத்திருக்கிறேன்.