அவர் முகம் ஒட்டிய உறைகள்

என் வீட்டுக்காரர் கடலோடு போன பிறகும் அவர் முகம் எங்கள் வீட்டுக்குத் தபாலில் வந்துகொண்டிருந்தது. இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள், சிலர் திருநீறு எடுக்க எழுந்து போகிறார்கள். எனக்கு இரண்டும் வேண்டாம். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நான் காட்டூர்க்காரி. நெல் விதைக்கிற வீட்டில் பிறந்து, பழவேற்காடு ஏரிக்கரையில், தோணிரேவுக் குப்பத்தில் வலை போடுகிற ஒருவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அடம்பிடித்து வந்தவள். வந்த பிறகுதான் அந்த மனிதருக்குத் தபால்தலைப் பைத்தியம் இருப்பது தெரிந்தது. பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் பழைய கல்லறை இருக்கிறதல்லவா, வாசலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் நிற்குமே, அதைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள். இவர் சின்ன வயதிலிருந்தே அவர்களைப் படகில் ஏரியைச் சுற்றிக் காட்டிவிட்டு, ஊருக்குப் போனதும் ஒரு கடிதம் போடச் சொல்லிக் கேட்பாராம். கடிதம் யாருக்கு வேண்டும், அதில் ஒட்டியிருக்கும் தலைக்காகத்தான்.

பிறகு காசு கொடுத்து வாங்கவும் தொடங்கிவிட்டார். மீன் பட்ட வாரமெல்லாம் சென்னைக்கு பஸ் ஏறி, முழுத் தாள் முழுத் தாளாக வாங்கி வருவார். அடுத்தவர் படகில் பங்குக்குப் போகிற ஆள் இவர்.

"யோவ், அந்தக் காசுல ஒரு குண்டுமணி தங்கமாவது வாங்குய்யா" என்பேன்.

"தங்கம் ஊர்ல எல்லாரும்தான் வாங்குறான். இது பத்து வருசம் தூங்கட்டும். எழுந்திரிக்கும்போது நம்ம சொந்தப் படகா எழுந்திரிக்கும் பாரு."

எங்கள் ஊர் உப்புக் காற்றில் எந்தக் காகிதமும் நிம்மதியாகத் தூங்காது. பசை இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால் ஆல்பத்தை பிளாஸ்டிக் பையில் கட்டி அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தார், அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளுமாம். தினமும் அரிசி அள்ளும்போது என் விரல் அதில் இடிக்கும். திட்டிக்கொண்டேதான் உலை வைப்பேன்.

கடைசியாக அவர் சென்னைக் கண்காட்சி ஒன்றுக்குப் போனபோது, பணம் கட்டினால் நம் முகத்தையே தபால்தலையில் அச்சடித்துத் தருகிறார்கள் என்று ஒரு தாள் கொண்டுவந்தார். தாள் முழுக்க, வரிசை வரிசையாக, அவரே. எல்லா முகமும் ஒரே மாதிரி லேசாகச் சிரித்தன. என் மாமியார் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"போய்ச் சேந்தவங்க மூஞ்சிதானேடா இதுல போடுவாங்க?"

"அதெல்லாம் அந்தக் காலம்மா" என்று அவர் சிரித்தார். எனக்கும் அப்போது சிரிப்புத்தான் வந்தது.

முத்திரை விழாத தலைக்கு ஒரு விலை, அபூர்வமான ஊர் முத்திரை விழுந்த தலைக்கு வேறு விலை என்று அவர் எனக்குப் பாடம் எடுத்திருக்கிறார். அதனால் தன் முகம் ஒட்டிய உறைகளில் தன் விலாசத்தையே எழுதி, அதைப் பெரிய உறைக்குள் வைத்து, மலை மேலும் தீவிலும் இருக்கிற சின்னச் சின்னத் தபால் நிலையங்களுக்கு அனுப்பினார். உங்கள் ஊர் முத்திரையைக் குத்தித் திருப்பி அனுப்புங்கள் என்று ஒரு துண்டுச் சீட்டு. தாளில் கடைசி வரிசையை மட்டும் கிழிக்காமல் வைத்துக்கொண்டார். ஓர் உறையை மட்டும் எனக்குக் காட்டவில்லை.

"அது திரும்பி வந்தா சொல்றேன்."

எதுவும் திரும்பி வருவதற்குள் வாடைக்காற்று வந்துவிட்டது. முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்தது. கூடப் போன இருவரும் நீந்திக் கரையேறினார்கள். இவர் ஏறவில்லை. ஊர்ப் படகெல்லாம் தேடியது. செருப்பு அகப்பட்டது, ஆள் அகப்படவில்லை.

முதல் உறை வந்தது ஒரு உச்சி வெயில் நேரத்தில். தெருவில் காயப்போட்ட கருவாட்டையும் அதன் மேல் விரித்த வலையையும் தவிர ஒன்றும் இல்லை. தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்காமலே நீட்டினார். என்ன நீட்டுகிறோம் என்று பார்த்ததும் கையைப் பின்னுக்கு இழுத்தார். என் வீட்டுக்காரர் எழுத்தில், அவர் பெயருக்கு, அவர் முகம் ஒட்டிய உறை. நெற்றியிலிருந்து வாய் வரைக்கும் கறுப்பு முத்திரை. உள்ளே வெறும் அட்டை.

எனக்கு விஷயம் தெரியும். தெரிந்தும் உறையை இரண்டு விரலால்தான் பிடித்து உள்ளே கொண்டுபோனேன். மாமியாரிடம் விளக்கிச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே உறையைத் தடவினார்.

"எழுத்து அவன் எழுத்து. மூஞ்சி அவன் மூஞ்சி. இருக்கான்மே."

பத்து நாளைக்கு ஒன்று, சில சமயம் ஒரே வாரத்தில் இரண்டு என்று வந்தன. ஒவ்வொன்றையும் மாமியார் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுத் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். உடல் கிடைக்காதவர்களுக்கு எங்கள் ஊரில் வைக்கோலில் ஆள் கட்டி, போனவருடைய சட்டையைப் போட்டுக் கரையில் எரித்துக் கருமாதி செய்வார்கள். பெரியவர்கள் அதைப் பேச வரும்போதெல்லாம் மாமியார் டப்பாவைத் திறந்து காட்டுவார். வந்தவர்கள் உறைகளைக் கையில் வாங்கப் பயந்து பேச்சை மாற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

நான் நடுவில் மாட்டிக்கொண்டேன். பொட்டு வைத்தாலும் ஒரு பார்வை, வைக்காவிட்டாலும் ஒரு பார்வை. தெருப்பெண்கள் என்னை வளைகாப்புக்கு அழைக்கவும் இல்லை, ஒதுக்கவும் இல்லை. என் வாசலைக் கடக்கும்போது மட்டும் வேகமாக நடந்தார்கள். காட்டூரிலிருந்து என்னைப் பெற்ற நைனா வந்தார்.

"இதுக்கு ஒரு முடிவு வேணாமா? நம்ம வூட்டுக்கு வந்துடும்மா."

முடிவுதான் எனக்கும் வேண்டியிருந்தது. அவர் இறந்துவிட்டார் என்று ஊர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நான் வாய்விட்டு அழுதிருப்பேன். அந்த அழுகைக்குக்கூட வழியில்லாமல், மாமியாரைத் தனியே விடவும் மனமில்லாமல், நைனாவை அனுப்பிவிட்டேன்.

ஒருநாள் வந்த உறையில் முத்திரையைப் படித்தேன். பழவேற்காடு. தேதி, அந்த வாரத்துத் தேதி.

மலையில்லை, தீவில்லை. எங்கள் ஊர்ப் பெட்டியில், நேற்றோ முந்தாநாளோ, யாரோ போட்டிருக்கிறார்கள். எழுத்து அவருடையது. தபால் பெட்டி வரைக்கும் நடந்து போனேன். அதன் அடியில் மணலில் காலடிகள் இருந்தன. யார் காலடியாக வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனாலும் அவர் பாதத்தின் அளவைத் தேடிக்கொண்டு பட்டப்பகலில் குனிந்து நின்றேன். கரையில் எந்த ஆண் திரும்பி நின்றாலும் முதுகைப் பார்த்தேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் நிறுத்த முடியவில்லை. மனதுக்குள் ஒரு சந்தோஷம் தலைதூக்கியது. அந்தச் சந்தோஷத்தைக் கண்டுதான் அதிகம் பயந்தேன்.

வீட்டுக்கு வந்து உறையைத் திரும்பப் பார்த்தபோது, தலையின் ஓரத்தில் இன்னொரு முத்திரையின் பாதி வட்டம் கண்ணில் பட்டது. மீதி வட்டம் தலைக்கு அடியில் போயிருந்தது. தலையும் கொஞ்சம் தடித்து நின்றது.

தலையை எப்படி உரிப்பது என்று அவர்தான் காட்டிக்கொடுத்திருந்தார். பிய்க்கக் கூடாது, வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். மூலையை வெட்டித் தட்டில் மிதக்கவிட்டேன். தண்ணீர் கஞ்சி மாதிரி வெளுத்தது. சற்று நேரத்தில் முகம் தானாக நகர்ந்தது. அதற்கு அடியிலிருந்து மறுபடியும் அவரே வந்தார், அதே சிரிப்போடு, நெற்றியிலிருந்து வாய் வரை கறுப்போடு. முதலில் வந்த உறை அது.

இரண்டு முகமும் ஒரே தட்டில் மிதந்தன. அடியில் ஒரு சோற்றுப் பருக்கை நசுங்கிக் கிடந்தது. அவர் ஒருநாளும் சோற்றால் ஒட்ட மாட்டார். தலையின் பின்பக்கம் கெட்டுவிடும் என்பார்.

அரிசி டிரம்மைத் திறந்து ஆல்பத்தை எடுத்தேன். கடைசி வரிசையில் ஒரே ஒரு முகம்தான் மீதி, இதற்கு முன்பும் சில உறைகள் இப்படித்தான் வந்திருக்கின்றன. திரும்பினால் மாமியார் வாசற்படியில் நிற்கிறார். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வர்றது நின்னு போச்சுமே" என்றார். "நடுவுல ரெண்டு வாரமா ஒன்னும் வரல. நின்னு போனா அவ்ளோதானேன்னு..."

நான் திட்டவில்லை. என் வாய்க்கு அது பெரிய விஷயம். கையைப் பிடித்து உட்கார வைத்தேன். இரண்டு பேரும் அன்றைக்குத்தான் ஒன்றாக அழுதோம், சோறு ஆக்காமல், விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும்.

பெரியவர்களுக்கு மாமியாரே சொல்லியனுப்பினார். கரையில் வைக்கோல் ஆளைக் கட்டி, நீலச் சட்டையைப் போட்டுப் படுக்க வைத்தார்கள். தலையென்று ஒரு துணி உருண்டை. கொள்ளி வைக்கப் போகும்போது மாமியார் எல்லாரையும் விலக்கிக்கொண்டு வந்தார். மடியிலிருந்து அந்தக் கடைசித் தபால்தலையை எடுத்து, நாக்கால் நனைத்து, துணி உருண்டையின் மேல் ஒட்டிக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார்.

"மூஞ்சி இல்லாம எப்பிடிடா போவான்?"

முத்திரை விழாத ஒரே தலை அதுதான். ஒன்றே ஒன்று என்பதால், என் வீட்டுக்காரர் கணக்குப்படி அந்தத் தாளிலேயே விலை கூடியது. நெருப்பு காலிலிருந்து ஏறி வந்தது. முகம் வரும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு பல மாதம் தபாலே இல்லை. ஒரு மத்தியானம் நாங்கள் இருவரும் இறால் உரித்துக்கொண்டிருந்தபோது சைக்கிள் மணி கேட்டது. உறை கசங்கி, அழுக்கேறி இருந்தது. அவர் முகத்துக்குப் பக்கத்தில் நாலைந்து சாதாரணத் தலைகள். எழுத்து அவருடையதுதான், ஆனால் பெயர் அவருடையது இல்லை. டச்சுக் கல்லறையில், எலும்புக்கூடுகளைத் தாண்டி உள்ளே போனால், மூன்றாவது கல்லில் இருக்கிற பெயர். அந்தக் கல்லில் வெட்டியிருக்கிற ஹாலந்து ஊரின் பெயரையும் விலாசமாக எழுதியிருந்தார். பின்பக்கம் எங்கள் வீட்டு விலாசம். திரும்பி வந்தால் அந்த நாட்டு முத்திரையும் கிடைக்கும் என்ற கணக்கு. எனக்குக் காட்டாமல் வைத்த உறை இதுதான். மேலே ஒரு சீட்டு ஒட்டி, கட்டத்தில் கோடு போட்டிருந்தார்கள். அதில் இருப்பதைத் தபால்காரர்தான் சொன்னார்.

மாமியார் தலை நிமிராமல் கேட்டார். "இன்னாமே வந்துக்குது?"

"அவரு போட்ட லெட்டரு அத்தே. கல்லறைல இருக்கிற ஒருத்தர் பேருக்குப் போட்டுக்கிறாரு. திரும்பி வந்துருச்சு."

"ஏனாம்?"

"அந்தப் பேர்ல அங்க ஆளு யாரும் இல்லையாம்."

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உறையை வாங்கினார். வெயிலுக்குத் திருப்பி முகத்தைப் பார்த்தார். இருக்கான்மே என்று சொல்லப்போகிறார் என நினைத்தேன். சொல்லிவிட மாட்டாரா என்றும் இருந்தது.

"இது அவன் எப்பவோ போட்டது" என்று என்னிடம் நீட்டினார். "ஈரம் படாம அரிசில வெச்சுடு."