கழித்துச் சொன்ன கோபம்

மலையில் நாங்கள் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும்போது, இலையில் ஒட்டிய தண்ணிக்கு, சாக்குக்கு என்று சில கிலோ கழித்துவிட்டுத்தான் கணக்கில் ஏற்றுவார்கள். காய்ந்த வெயிலிலும் தண்ணிக்குக் கழிப்பார்கள். அந்த ஆத்திரத்தை நான் தினமும் லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீடுகளில் எங்கள் வீட்டுக்கு, வந்து அடுப்படியில் கொட்டுவேன். மகள் கேட்டுக்கொண்டே படிப்பாள்.

பத்தாம் வகுப்புக்கு வந்ததிலிருந்து அவள் சரியில்லை. காலையில் சிரித்துப் பேசிவிட்டுப் போவாள். சாயந்தரம் வந்து புத்தகத்தை எறிவாள். பிறகு வாயே திறக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். நான் தோட்டத்து மாரியம்மனிடம் போய், "தாயே, எம்புள்ள சோத்தத் தொட மாட்டேங்குறா, கையக் கடிச்சுக்கிறா" என்று ஒன்று விடாமல் சொல்லி அழுவேன்.

பள்ளிக்கூடத்தில் ஆலோசனை சொல்லும் டீச்சர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"கோபமே இல்லைன்னா சைபர். தாங்கவே முடியலைன்னா பத்து. போன வாரம் மகளுக்கு எத்தனை போடலாம்மா?"

"ரெண்டு போட்டுக்குங்க டீச்சர். வயசு அப்படி. பரீட்சையும் வருது, அந்தப் பயம்தான்."

பைத்தியம் என்று லயம் முழுக்கப் பேசிவிடுவார்களே என்ற பயம் எனக்கு.

மகள் சிரித்தாள். "அம்மா தண்ணிக்குக் கழிச்சிட்டாங்க, சாக்குக்கும் கழிச்சிட்டாங்க. ஒம்போது போடுங்க டீச்சர்."

டீச்சர் என்னைப் பார்த்தார். "ரெண்டுன்னா நான் இங்கயே பேசிப் பாத்துக்குவேன். ஒம்போதுன்னா நுவரெலியாவுல டாக்டர்கிட்ட காட்டணும். நீங்கதான் சரியாச் சொல்லணும்."

மகள் சட்டைக் கையை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். அதைப் பார்த்த பிறகு என்னால் கழிக்க முடியவில்லை.

"ஒம்போதுதாங்க டீச்சர். கையக் கடிச்சுக்கிறா."

மகளின் சிரிப்பு நின்றுவிட்டது. "நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு?"

"அம்மன்கிட்ட சொன்னேன்."

"என்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியே."

 

இப்போது மாதம் ஒருமுறை பஸ் ஏறி நுவரெலியா கிளினிக்குக்குப் போய் வருகிறோம். கொஞ்சம் சாப்பிடுகிறாள். அம்மன் என்னைக் கைவிடவில்லை. டீச்சரிடம் கழித்துச் சொன்னது நான்தான். அம்மனுக்கு விளக்கு வைக்கப் போகுமுன் அவளிடம் கேட்கிறேன், "இன்னைக்கு எத்தனைம்மா?" சில நாள் சொல்கிறாள். சில நாள் திரும்பிப் பார்க்காமலே, "நீங்களே நிறுத்துப் பாத்துக்குங்க" என்கிறாள்.