சுவரோரம் நின்ற தகரங்கள்

எங்கள் வரலாற்றுச் சங்கத்தின் சுற்றுலாக்களில், ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் பழைய லயத்தை நான்தான் காட்டுவேன். அங்கே குடியிருந்த அம்மாள் ஒல்லியானவர். வெற்றிலைச் சிவப்பேறிய வாய். பேசிக்கொண்டே, குனிந்து பாராமல், கூரை ஒழுகும் இடத்துக்கு வாளியைக் காலால் தள்ளுவார். புதிதாக வாங்கிய கூரைத் தகரங்கள் சுவரோரம் சாய்ந்திருந்தன.

"படம் புடிச்சாச்சுங்களா ஐயா? இனி கூரைய மாத்திக்கலாமா?"

"அடுத்த மாசமும் ஆளுங்க வர்றாங்கம்மா. பழைய கூரையப் பாக்கத்தானே வர்றாங்க. கொஞ்சம் பொறுங்க."

"பொறுக்குறேங்க. மழைகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு மனம் கேட்காமல் சுற்றுலாவையே நிறுத்திவிட்டேன். இனி யாரும் வரமாட்டார்கள் என்று அவரிடம் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? நான் குடியிருக்கும் பதுளையில் தூறல் விழுந்தாலே என்னால் உட்கார முடிவதில்லை. அவர் இன்னும் பொறுத்துக்கொண்டிருப்பாரோ?