உடையாத பயணி

எங்கள் பள்ளித் தாளாளரை எனக்கு முதலிலிருந்தே பிடிக்காது. விண்வெளிக் கண்காட்சிக்குப் பிறகு அவர் முகத்தைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

தென்காசியில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். நம் நாடும் மனிதர்களை விண்ணுக்கு அனுப்பப் போகிறது என்று செய்தியில் ஓயாமல் பேச்சு. தாளாளருக்கும் ஆசை வந்து கண்காட்சி வைக்கச் சொன்னார். அட்டை ராக்கெட்டுகளும் தெர்மாகோல் நிலாக்களும் வந்து குவிந்தன. அத்தனையும் அப்பாக்கள் செய்தவை என்று பார்த்தாலே தெரிந்தது.

ஒன்பதாம் வகுப்பில் ஒருத்தி மட்டும் தானே செய்தாள். அவள் அப்பா குற்றாலத்தில் சீசனுக்கு ஆம்லெட் வண்டி போடுபவர். விண்ணிலிருந்து ஆட்கள் திரும்பி வரும் கலத்தை அவள் ஒரு பால் பவுடர் டின்னில் செய்திருந்தாள். உள்ளே தேங்காய் நார் மெத்தை, மேலே கிழிந்த குடைத் துணியில் பாராசூட். பயணியாக ஒரு முட்டை. மூன்றாம் மாடியிலிருந்து போட்டால் முட்டை உடையாமல் இறங்க வேண்டும். மேலே போவது பெரிதில்லை, ஆள் உயிரோடு திரும்புவதுதான் பெரிது என்று அவளாகவே புரிந்துவைத்திருந்தாள். தன் கலம் ஆளைக் காப்பாற்றுமா என்பது ஒன்றுதான் அவளுக்குத் தெரிய வேண்டும்.

தாளாளர் முட்டையைப் பார்த்ததும் பாம்பைக் கண்டவர்போல் பின்வாங்கினார். எங்கள் பள்ளியில் சாப்பாட்டு டப்பாவில்கூட முட்டை வரக்கூடாது. அவர் சுத்த சைவம், ஆகவே நாங்கள் எல்லோரும் சுத்த சைவம். உடையக்கூடிய பொருளை வைத்தால்தான் அது சோதனை என்று வாதாடினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பூஜைத் தட்டிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினார்.

“இத வச்சு விடுங்க டீச்சர். உள்ள என்ன இருந்தா என்ன, பத்திரமா எறங்கணும், அவ்வளவுதான?”

டின் இறங்கியது. பழத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை வெறுமனே தூக்கி எறிந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. கூட்டம் கைதட்டியது. முதல் பரிசு கொடுத்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

அன்று மாலையே மேலகரத்தில் என் வீட்டு மொட்டை மாடியிலிருந்து முட்டையை வைத்துப் போட்டுப் பார்த்தோம். பள்ளியைவிட உயரம் குறைவுதான். பாராசூட் தாமதமாக விரிந்தது. டின்னைத் திறந்தால் நாரெல்லாம் மஞ்சள் கரு.

மறுநாள் டின்னோடு தாளாளரிடம் போய், இதைத் திருத்திப் பள்ளி மாடியிலிருந்து மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும் என்றேன். பரிசு வாங்கிய பொருளில் யாரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லி, டின்னை வாங்கிக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். வாய்வரை வந்ததைச் சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும். விழுங்கிக்கொண்டு வந்து அவளிடம் சொன்னேன்.

“நெஜ ராக்கெட்லயும் இப்படிக் கை தட்டிட்டு ஆள ஏத்திருவாங்களா மிஸ்?”

நாய் போனது, மனிதன் போனது, நிலாவில் கால் வைத்தது எல்லாம் வகுப்பில் சொல்லியிருந்தேன். அமெரிக்காவில் ஒருமுறை, இந்தக் குளிருக்கு ரப்பர் வளையம் தாங்காது என்று பொறியாளர்கள் முந்தைய நாளே தடுத்தும் கேட்காமல் விண்கலத்தை ஏவியதைச் சொன்னதில்லை.

“ஏத்தியிருக்காங்க” என்றேன்.

“ஆபத்துன்னு யாருமே சொல்லலியா?”

“சொன்னாங்கட்டி. மேல உள்ளவங்க கேக்கல. ஏழு பேர் செத்தாங்க. அதுல ஒரு டீச்சரும் உண்டு.”

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வேறொரு டின்னும் ஓர் அட்டை நிறைய முட்டையுமாக என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“முட்ட அம்புட்டும் ஒடஞ்சாலும் ஒடையட்டும், ஆளு சாவக் கூடாதுன்னு அப்பா சொல்லுதாங்க மிஸ்.”