சொந்த ஆளைச் சாய்த்த ஸ்டாப்பர்

திங்கக்கிழமை காலை. பேங்க் ஷட்டரைத் தூக்கறேன். எதிர்ல டீக்கடை முனுசாமி குரல்.

“இன்னா ஏழுமலைண்ணே... சொந்த ஆளையே சாச்சிட்டியாமே?”

டீ குடிச்சுக்கினு இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. சாச்சது உண்மை.

ஆனா முனுசாமிக்குத் தெரிஞ்சது பாதிக் கதை. மீதியை உங்களுக்குச் சொல்றேன்.

இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிக்கிறவங்களுக்கு என்னைத் தெரியும். உத்திரமேரூர் கிளையில அட்டெண்டர். வேலை கிடைச்சது படிச்சு இல்ல — ஃபுட்பால் ஆடி.

அப்பெல்லாம் பெரிய பேங்க்னா ஒரு ஃபுட்பால் டீம் இருக்கும். எங்க பேங்க்ல ஒரு மேலதிகாரிக்குப் பந்து மேல பைத்தியமாம். அவர் ஆரம்பிச்ச டீம்னு சீனியருங்க சொல்வாங்க. நல்லா ஆடறவன் கண்ணுல பட்டா வேலை குடுத்துக் கூட்டிக்குவாங்க. காலையில ஆபீஸ்ல கையெழுத்து. மத்தியானம் பெர்மிஷன். சாயங்காலம் மெட்ராஸ்ல லீக் மேட்ச். ஜெயிச்ச கப்பெல்லாம் மேனேஜர் ரூம் கண்ணாடி பீரோவுல மின்னும்.

எங்க ஊரு காவாந்தண்டலத்துல எங்க அப்பா அம்மா அடுத்தவங்க கழனியில கூலி. எங்க தெருவுல மாசச் சம்பளம் முதல்ல வந்த வூடு எங்க வூடு. பந்தால வந்தது. அவ்வளவுதான்.

நான் ஸ்டாப்பர். கோலுக்கு முன்னால நிக்கிற ஆளு. கோல் போட வர்ற எதிர் டீம் ஃபார்வர்டை நகர விடக் கூடாது — அதான் வேலை.

எங்களுக்குப் பெரிய எதிரி இன்னொரு பேங்க் டீம். அதுல ஃபார்வர்ட் இருதயராஜ். வியாசர்பாடிக்காரர். இடப்பக்கம் போற மாதிரி தோளைக் காட்டிட்டு வலப்பக்கம் ஓடுவார். எல்லாரும் தோளைப் பார்த்து ஏமாந்துடுவாங்க. நான் இடுப்பைப் பார்ப்பேன். இடுப்பு பொய் சொல்லாது. சீசன் தவறாம மோதினோம். அவர் காலைத் தேடி என் கால் தானாப் போற அளவுக்கு ஆகிப்போச்சு.

அப்புறம் இன்னா ஆச்சு? பந்துக்காக ஆள் எடுக்கறதை நிறுத்தினாங்க. இருந்தவங்களுக்குத் தொப்பை வந்துது. சில பேருக்கு ப்ரமோஷனும் வந்துது. டீம் பேருக்கு இருந்தது. கடைசியில ரெண்டு பேங்கையும் ஒன்னாச் சேர்த்துட்டாங்க.

உத்திரமேரூர்ல ஒரே ரோட்டுல ரெண்டு கிளை. அதுவும் ஒன்னாச்சு. அங்கிருந்து மேசை நாற்காலியோட வந்து இறங்கின கேஷியர் யாரு? சாட்சாத் இருதயராஜ்!

“இன்னா ஏழுமலை... இங்கியும் நீதானா?”

“ஆமா சார்.”

பேங்க்ல அவர் சார். கிரவுண்ட்ல யோவ். அது எங்களுக்குள்ள ஒரு கணக்கு.

போன மாசம் ஹெட் ஆபீஸ்ல இருந்து ஒரு மேடம் பேசினாங்க. ஸ்போர்ட்ஸ் அவங்க பொறுப்பு. மேனேஜர் ஸ்பீக்கர்ல போட்டார். நாங்க ரெண்டு பேரும் பக்கத்துல நின்னோம்.

“ரெண்டு பழைய டீமும் ஒன்னாச் சேர்ந்து வெளி டீமோட ஒரு மேட்ச் ஆடுங்க. நான் வந்து பார்க்கறேன். ஒரே டீமா ஆட முடிஞ்சா லீக்ல பேர் குடுக்கலாம். புதுசா ஆளும் எடுக்கலாம். முடியலன்னா டீமை மூடிடலாம்.”

புதுசா ஆள்... எனக்கு அது மட்டும்தான் காதுல நின்னுது.

அறுப்பு முடிஞ்ச கழனியில பந்து ஆடற பசங்களைப் பார்த்துக்கினுதான் தினம் வூட்டுக்குப் போறேன். நல்லா ஆடறாங்க. அவங்களுக்குக் கம்பெனியில கான்ட்ராக்ட் வேலை. இன்னிக்கு உள்ள, நாளைக்கு வெளிய. அவங்கள்ல சில பேருக்காவது இந்தக் கதவு திறக்கணும். எனக்குத் திறந்துச்சே!

ஞாயித்துக்கிழமை மேட்ச். ஏரிக்கரை ஓரமா இருக்கற கிரவுண்ட். எதிர்ல காஞ்சிபுரத்துத் தறிக்கார வூட்டு வாலிபருங்க டீம். மேடம் குடை பிடிச்சுக்கினு சேர்ல உட்கார்ந்தாங்க.

ஆரம்பிச்ச உடனே மூச்சு வாங்கிடுச்சு. சுத்தி நின்னவங்க விடுவாங்களா?

“இன்னா சார், லஞ்ச் டைமா?”

“சர்வர் டவுனு போல கீதே!”

அதைக் கூடத் தாங்கலாம். எங்க பழைய பேங்க் ஆளு எங்க ஆளுக்கே பாஸ் குடுக்கறான். இருதயராஜ் பேங்க் ஆளு அவங்க ஆளுக்கே குடுக்கறான். ஒரே ஜெர்சி... ரெண்டு டீம்! காஞ்சிபுரத்துப் பசங்க சுலபமா ஒரு கோல் போட்டுட்டாங்க.

அப்பத்தான் அது நடந்துது. எங்களுக்கு ஒரு கார்னர். நானும் எதிர் கோல் வரைக்கும் மேல போனேன். பந்து இருதயராஜ் காலுக்கு வந்துது. கோல் திறந்து கிடக்குது. தோளைக் காட்டறார்... இடுப்பு திரும்புது...

என் கால் போயிடுச்சு.

மனுஷன் தரையில. பந்து வெளிய. ரெஃப்ரி விசிலை வாயில வச்சார், எடுத்தார், திரும்ப வச்சார். சொந்த ஆளைச் சாச்சா ஃபவுல் குடுக்கறதா வேணாமா? அவருக்கே தெரியல.

கிரவுண்டே சிரிச்சுது. மேடம் சிரிக்கல. ஃபோன்ல என்னமோ டைப் பண்ணாங்க. டீமை மூடினது என் கால்தான்னு ஆயிடுமோ?

பேங்க் போர்டை ஒரே நாள்ல மாத்திடலாம். காலை எப்படிங்க மாத்தறது?

பாதி ஆட்டம் முடிஞ்சு இடைவேளை. இருதயராஜ் முட்டியில தண்ணி ஊத்திக்கினு இருந்தார். பக்கத்துல போய் நின்னேன்.

“யோவ், மன்னிச்சுக்கய்யா.”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“நான் எங்க போவேன்னு உனக்கு எப்படிய்யா முன்னாடியே தெரியுது?”

“தெரியும்.”

“என் பொண்டாட்டிக்குக் கூட அவ்ளோ தெரியாதுய்யா. சரி... நான் போற இடத்துல உன் காலைப் போடாத. பந்தைப் போடு.”

அவ்வளவுதான் பேசினோம்.

ரெண்டாவது பாதி. பந்து எனக்கு வந்தா நிமிர்ந்தே பார்க்கல. இந்நேரம் அவர் எங்க திரும்புவாரோ அந்த இடத்துக்கு நீளமா அடிச்சேன். முதல் தடவை காத்து தூக்கிடுச்சு. அடுத்தது சரியா விழுந்துது. அவர் அங்க இருந்தார். கோல்!

அவங்க பேங்க் ஆளு ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடிச்சான். எங்க பேங்க் ஆளு இருதயராஜைத் தூக்கினான். அதுக்கப்புறம் பாஸ் யாருக்குப் போச்சுன்னு யாரும் பார்க்கல. மேட்ச் ஒன்னுக்கு ஒன்னுன்னு முடிஞ்சுது. ஜெயிக்கல. தோக்கவும் இல்ல.

மேடம் என்னைக் கூப்பிட்டாங்க.

“முதல்ல அவரை ஏன் சாச்சீங்க?”

“பழக்கம் மேடம்.”

“அப்புறம் பார்க்காமலே பந்தைப் போட்டீங்களே?”

“அதுவும் பழக்கம்தான் மேடம்.”

இப்பத்தான் சிரிச்சாங்க. முடிவு இன்னான்னு சொல்லாம காருல ஏறிட்டாங்க. ராத்திரியில தூக்கம் வரல. மறுநாள்தான் முனுசாமி கேலி.

வியாழக்கிழமை மத்தியானம் மேனேஜர் ரூம்ல இருந்து குரல். “ஏழுமலை, இருதயராஜ்... ரெண்டு பேரும் வாங்க!”

மேடம் பதில் வந்துடுச்சு — டீம் கீது. லீக்ல பேர் குடுத்தாச்சு. புதுசா ஆள் எடுக்க ட்ரையல்ஸும் உண்டு. எத்தனை பேருன்னு இன்னும் சொல்லல. ஒருத்தர்னாலும் ஒரு தெருவுக்குப் போதும்.

ட்ரையல்ஸை மெட்ராஸ்ல வைக்காதீங்க, இங்க வைங்கன்னு இருதயராஜ் கேட்டார். சரின்னுட்டாங்க.

வர்ற ஞாயித்துக்கிழமை காலை, அதே கிரவுண்ட். ஆடத் தெரிஞ்சவங்க வாங்க. ஷூ இல்லன்னா வெறுங்கால்ல வாங்க.

ஃபார்வர்டுங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை — எதிர்ல நிக்கப் போறது நான்.