எடுபிடிக்கு ஒரு பின்னிஷ் சொல்

சாப்பாட்டு மேசையில் எல்லாரும் கை தூக்கினார்கள். ஒருவருக்கும் பின்னிஷ் தெரியாது. ஒரு கையில் கடித்த பாண், மற்றக் கை மேலே. நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒஸ்லோவில் சிறுவர்களின் கணினி விளையாட்டுகளை மொழிபெயர்க்கும் சின்ன அலுவலகம் எங்களுடையது. பின்னிஷுக்கு வந்த அக்கா மட்டக்களப்பில் பிறந்து, நடை பழகுமுன்பே பின்லாந்துக்குப் போய், அங்கேயே படித்து, கலியாணம் முடித்து இங்கே ஒஸ்லோவின் ஒதுக்குப்புறமான புருசெத்துக்கு வந்தவர். கணவர் நோயாளி; அக்காவின் உழைப்பில்தான் வீடு ஓடியது. ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலை நிரந்தரம் என்றிருந்தார்கள். மேலாளர் யாழ்ப்பாணத்து ஆள். தமிழருக்குச் சலுகை காட்டுகிறார் என்று எவனும் சொல்லிவிடக் கூடாதே என்ற பயத்தில், தமிழரைத்தான் முதலில் மிதிப்பார்.

அந்த விளையாட்டில், குதிரை வீரனின் ஈட்டியையும் கேடயத்தையும் தூக்கிக்கொண்டு பின்னால் திரியும் எடுபிடி ஒருவன் வருவான். அவனுக்குரிய ஆங்கிலச் சொல்லை அக்கா 'அஸேன்கந்தயா' என்று மாற்றியிருந்தார். ஆயுதம் சுமப்பவன்; பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். 'க்னாப்பி' என்று பழைய சொல்லொன்றும் உண்டு. அது நோர்வேக்காரர் காதுக்குச் சொந்தச் சொல் மாதிரிக் கேட்கும். ஒருநாள் மதியச் சாப்பாட்டில், இங்கே எல்லாரும் சமம், வாக்கெடுப்போம் என்றார் மேலாளர். அக்காவை எழுப்பி இரண்டையும் உச்சரிக்க வைத்தார். நீளச் சொல்லுக்குச் சிரித்தார்கள். திரும்பவும் சொல்ல வைத்துச் சிரித்தார்கள். பிறகு குட்டைச் சொல்லுக்குக் கை தூக்கினார்கள். நான் வாய் திறக்கப் போனேன்.

"விடுங்க தம்பி, எனக்கு இந்த வேலை வேணும்," என்றார் அக்கா. சொல்லை மாற்றிவிட்டார்.

அடுத்த வாரம், பின்லாந்தில் அந்த விளையாட்டை வெளியிடுகிறவர்களிடமிருந்து பதில் வந்தது: இந்தப் பழைய சொல் பிள்ளைகளுக்கு விளங்காது, ஆயுதம் சுமப்பவன் என்றே போடுங்கள். மேலாளர் அதை எல்லாருக்கும் முன்னால் வாசித்தார். பிறகு, அலுவலகத்தில் ஒருநாளும் பேசாத தமிழில் அக்காவிடம் கேட்டார்:

"சரியான சொல் உம்மட்டைத்தானே இருந்தது, தங்கச்சி? பின்னிஷ் தெரியாத ஆக்கள் சொன்னவுடனை ஏன் மாத்தினனீர்? இப்பிடி வளையிற ஆளுக்கு நான் எப்பிடி நிரந்தர வேலை குடுக்கிறது?"

"கை தூக்கச் சொன்னது நீங்கதானே?"

"ஓம். நீர் மாட்டனெண்டு சொல்லியிருக்க வேணும்."

சொல்லிவிட்டு நோர்வே மொழிக்குத் தாவி, யாருக்குக் கோப்பி வேண்டும் என்று மற்றவர்களைக் கேட்டார். பாவி மனுசன்.

அக்கா இப்போது ஒரு பாடசாலையில் துப்புரவு வேலை செய்கிறார். அவருடைய கதிரைக்கு ஹெல்சிங்கியிலிருந்து ஒரு வெள்ளைக்கார இளைஞன் வந்தான். நல்ல பிள்ளை. அவன் போடும் சொற்களுக்கு இன்றுவரை யாரும் கை தூக்கச் சொன்னதில்லை.